நீண்ட பயணத்துக்குப் பிறகு படிக்கும் நாட்டுக்குத் திரும்பினேன்: எதிலும் மனம் ஒட்டவில்லை

புதுநிலா எழுதியது:

அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். விடுமுறையையும் களப்பணியையும் சேர்த்து ஒரு நீண்ட பயணம் போய்விட்டு அண்மையில்தான் திரும்பினேன். பயணத்தின் ஒரு பகுதி வீட்டாருடன் கழிந்தது. மறுபகுதி ஊர் ஊராகச் சுற்றுவதில் கழிந்தது. முதன்முறை இந்நாட்டில் வந்து இறங்கியபோது எல்லாமே புதிதாக இருக்கும் என்று தெரிந்ததால் தடுமாற்றத்தை எதிர்பார்த்தே வந்தேன். இம்முறை வழி தெரியும், அறையின் சாவி கையில் இருக்கிறது, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். இருந்தும் முதல் வருகையைவிட இந்தத் திரும்புதல் ஏன் கடினமாக இருக்கிறது என்பது விளங்கவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே கண்கள் சொருகுகின்றன. பின்னிரவில் விழிப்பு வந்துவிட்டால் விடியும்வரை உறக்கம் பிடிப்பதில்லை. பாதியில் விட்டுச் சென்ற அத்தியாயத்தைத் திறந்தால், அதை எழுதியவர் எதை நிறுவ முயன்றார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. கருத்தரங்கில் சொல்ல நினைத்ததை இங்குள்ளவர்களின் மொழியில் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. எல்லாமாகச் சேர்ந்து, இந்தப் படிப்பை நான் உண்மையிலேயே விரும்புகிறேனா என்ற கேள்வியில் என்னைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இதைக் கடந்து வந்தவர்கள் எதை முதலில் சரிசெய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். நான் மேற்கு நோக்கிப் பறந்து வந்தேன் என்பதையும், நேர வேறுபாடு எட்டு மணி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவுவிழி எழுதியது:

உறக்கத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் அடுக்கியவற்றுள் அதுவே பெரியது என்று நான் சொல்ல வரவில்லை. எப்போது சீராகும் என்று ஓரளவுக்காவது கணித்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அது சீராகும்வரை மற்றவற்றைப் பற்றி நீங்கள் செய்யும் மதிப்பீடு எதையும் நம்ப முடியாது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் உடலின் நாட்சுழற்சியை நடத்துகிறது. ஒளி, இருள் போன்ற வெளிக்குறிப்புகள் இல்லாதபோது பெரும்பாலோருக்கு இச்சுழற்சி 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் நாளை நீட்டிக்கொள்வது உடலுக்கு எளிது, சுருக்கிக்கொள்வது கடினம். மேற்கே பறப்பவர் நீட்டுகிறார், கிழக்கே பறப்பவர் சுருக்குகிறார். எப்படியாயினும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்தான் கடிகாரம் நகரும். எட்டு மணி வேறுபாட்டுக்கு ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ ஆவது இயல்பானதே.

கடிகாரத்தை நகர்த்தும் முதன்மையான கருவி ஒளிதான், ஆனால் அது எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்து முன்னோக்கியும் தள்ளும், பின்னோக்கியும் இழுக்கும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக உடல் வெப்பம் மிகவும் தாழ்கிறது; அந்தத் தாழ்நிலைக்கு முன் படும் ஒளி உறக்கத்தைத் தாமதப்படுத்தும், பின் படும் ஒளி முன்கூட்டியே வரவழைக்கும். மேற்கே வந்த உங்களுக்குத் தேவை தாமதம். எனவே மாலையில் விளக்குகளை நன்றாக எரியவிட்டு, இயன்றால் வெளியே நடந்து, வழக்கமாகப் படுக்கும் நேரம்வரை விழித்திருங்கள். பின்னிரவில் விழித்தாலும் அறையை இருட்டாகவே வைத்திருங்கள், கைபேசியைத் தொடாதீர்கள். கிழக்கே எட்டு மணி நேரம் பறந்தவருக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது: அவருடைய வெப்பத் தாழ்நிலை முதல் சில நாள்களில் புதிய இடத்தின் நண்பகலை ஒட்டி விழுவதால், காலை வெயிலில் நின்றால் கடிகாரம் எதிர்த்திசையில் போய்விடும். 'காலையில் வெயில் படட்டும்' என்று எல்லாருக்கும் ஒரே மருந்தைச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை உண்ணும் நேரத்துக்குக் கட்டுப்படுகின்றன. பசி இல்லாவிட்டாலும் இங்குள்ள நேரப்படியே உண்ணுங்கள். நண்பகலுக்குப் பின் காபி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும்.

நெடுவழி எழுதியது:

மேலே சொன்னது உடலுக்குச் சரி; மனத்துக்கு வேறு கணக்கு உண்டு. கலேர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் பண்பாட்டு அதிர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1955இல், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்த நார்வே நாட்டினரை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கோர், தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பின்னர் மீட்சி என்று யூ எழுத்தைப் போன்ற வளைவொன்றை முன்வைத்தார். 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும், ஊர் திரும்பும்போது இன்னொரு சரிவு வருவதைச் சேர்த்து அதை டபிள்யூ வடிவமாக நீட்டினார்கள். புதுநிலா அவர்களே, நீங்கள் இப்போது அந்த இரண்டாம் பள்ளத்தில் நிற்கிறீர்கள். இது எல்லாருக்கும் வருவது; பொறுத்திருந்தால் தானே ஏறிவிடும்.

கூர்நோக்கு எழுதியது:

நெடுவழி அவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் அந்த வளைவின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது. லிஸ்கோர் ஒரே ஆளைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனிக்கவில்லை. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களையும், ஆறு முதல் பதினெட்டு மாதம் தங்கியவர்களையும், அதற்கு மேல் தங்கியவர்களையும் ஒப்பிட்டார். மூன்று வெவ்வேறு கூட்டத்தாரை அருகருகே நிறுத்தி, அதை ஒரே மனிதரின் பயணமாக வாசிப்பது சரியாகாது. 1982இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஆஸ்டின் சர்ச், யூ வளைவுக்கான சான்று வலுவற்றது என்றே முடிவுகட்டினார். நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய நாளிலிருந்து ஓராண்டு தொடர்ந்து கவனித்து காலீன் வார்டும் உடனாய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இடர்ப்பாடு உச்சத்தில் இருந்தது வந்திறங்கிய வேளையில்தான் என்று தெரிந்தது. தொடக்கத்தில் தேனிலவு, நடுவில் பள்ளம் என்ற வரிசை அங்கே காணப்படவில்லை.

அதோடு, டபிள்யூ வளைவின் இரண்டாம் பள்ளம் சொந்த நாட்டுக்கு மீள்பவரைப் பற்றியது. வீட்டுக்குப் போய்விட்டு மறுபடியும் படிக்கும் நாட்டுக்கு வரும் மாணவர் அந்தப் படத்தில் எந்த இடத்திலும் இல்லை. அவருக்கு இரண்டு திசையிலும் 'திரும்புதல்'தான்.

ஆறுதலுக்காகத்தானே சொல்கிறோம் என்று கேட்கலாம். அட்டவணையோடு வரும் ஆறுதல் ஆபத்தானது என்பது என் கருத்து. 'இன்னும் சில வாரத்தில் ஏறிவிடும்' என்று நம்பியவர், அந்த வாரங்கள் கடந்த பின்னும் ஏறவில்லையென்றால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்வார்.

நெடுவழி எழுதியது:

வளைவின் கோட்டை விட்டுக்கொடுக்கிறேன். அனுபவத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். திரும்பிய பின் சோர்வு வருவது பரவலானது என்று அறிந்ததே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது. எப்போது தீரும் என்று சொல்வதை மட்டும் இனி நிறுத்திக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆய்வேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே நான் பேசுகிறேன். இந்த இழையில் எனக்கு அக்கறை உள்ளதும் அதுதான்.

ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வை மறதியின் வேகத்துக்காகவே பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் அளந்த முறை அதைவிடப் பயனுள்ளது. முன்பு மனப்பாடம் செய்ததை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதையே அவர் அளந்தார். ஒன்றுமே நினைவில் இல்லை என்று தோன்றும் நிலையிலும் இரண்டாம் முறை கற்க ஆகும் நேரம் குறைகிறது. ஆகவே அத்தியாயத்தைத் திறந்து பார்த்ததும் எழும் 'எல்லாம் போய்விட்டது' என்ற உணர்வை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு அந்த மிச்சம் தெரியாது. மறுபடி உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் வெளிப்படும்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். முதல் சில நாள்கள், தீர்ப்பு தேவைப்படாமல் கைவேலை மட்டுமே தேவைப்படும் பணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: தரவுக் கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிடுவது, களக்குறிப்புகளைத் தட்டெழுதுவது, வரைபடங்களுக்கு விளக்கவரி எழுதுவது, முன்பு கணக்கிட்ட ஓர் எண்ணை மறுபடி கணக்கிட்டு அதே விடை வருகிறதா என்று பார்ப்பது. இவற்றைச் செய்கையில் பொருள் தானாகவே கைக்கு வரும். அதன்பின் பழைய அத்தியாயத்தை அச்சிட்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'இந்தப் பத்தி என்ன செய்கிறது' என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியாத பத்திகள் சில அகப்படும். அவற்றைக் கண்டு உங்கள் நினைவைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அந்தப் பத்தி முதலிலேயே தெளிவாக எழுதப்படாததாக இருக்கும், தேர்வாளரும் அதே இடத்தில்தான் நிற்பார். சொந்த எழுத்தை அயலார் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது, வேலையில் மூழ்கியதும் மறைந்துவிடும். அதனால் ஓரக்குறிப்புகளை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

எழுதத் தொடங்கிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். திரும்பி வந்த வேகத்தில், இழந்த நாள்களை ஈடுகட்டுவதாக எண்ணிக்கொண்டு இரவு பகலாக எழுதிய பக்கங்களைப் பின்னர் காப்பாற்ற முடிந்த மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மொழிக்கும் இதே கணக்குத்தான். சில வாரங்கள் பேசாதிருந்த மொழி அழிந்துபோவதில்லை, சொல்லெடுக்கும் வேகம் மட்டுமே குறைகிறது. கருத்தரங்குக்குப் போகும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை முழு வாக்கியமாகத் தாளில் எழுதிக்கொண்டு, பேச்சு முடிந்ததும் முதல் ஆளாகக் கேட்டுவிடுங்கள். உரையாடலின் நடுவில் நுழைவதைவிடத் தொடக்கத்தில் பேசுவது எளிது.

நூலகக் கெடு, காப்பீடு, குடியனுமதியின் காலாவதி நாள் ஆகியவற்றை முதல் நாளே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

புதுநிலா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன ஓரக்குறிப்பு முறையைத் தொடங்கியிருக்கிறேன். முதல் பதிவில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான் இல்லாத காலத்தில் இங்கே எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது: ஆய்வுக்கூடத்தில் புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குள் ஒரு கேலிப்பேச்சு உருவாகியிருக்கிறது, எனக்கு அதன் தொடக்கம் தெரியாது. 'பயணம் எப்படி இருந்தது?' என்று எல்லாரும் கேட்கிறார்கள், 'நன்றாக இருந்தது' என்பதைத் தாண்டிய விடைக்கு யாரும் காத்திருப்பதில்லை. வீட்டிலும் நான் இல்லாமலே நாள்கள் நகரப் பழகியிருப்பதை இம்முறை கண்ணால் பார்த்துவிட்டேன். இரண்டு இடத்திலும் நான் விருந்தாளி என்ற எண்ணம் அங்கிருக்கும்போதே வந்துவிட்டது.

அதனாலோ என்னவோ, வீட்டாருடன் தினமும் நெடுநேரம் பேசுகிறேன். பின்னிரவில் விழித்துக்கொள்ளும்போது அங்கே நண்பகல். அவர்களும் ஓய்வாக இருப்பார்கள், எனக்கும் வேறு வேலை இராது.

நெடுவழி எழுதியது:

கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அழைப்பை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்துவிடுங்கள். ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக நிற்பவர் எந்த இடத்திலும் ஊன்ற முடியாது.

அலைவரிசை எழுதியது:

இதை நான் ஏற்கவில்லை. வீட்டு நினைவு தொலைபேசியால் உண்டாவதில்லை. 1688இல் ஜோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், வீட்டேக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். அவர் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து உடல்நலம் குன்றிப்போன ஒரு மாணவர். வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் தேறினார். இன்று அந்த இரு நகரங்களுக்கும் இடையே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். தொலைவும் கருவியும் மாறியிருக்கின்றன, ஏக்கம் மாறவில்லை. எனவே அழைப்பைத் தண்டனைபோலக் குறைப்பதில் பயனில்லை. நண்பர்கள் இன்னும் கூடிவராத இந்த வாரங்களில், வாய்விட்டுப் பேச உள்ள ஒரே வழியை அடைத்துவிட்டு இங்கே எதை ஊன்றச் சொல்கிறீர்கள்?

இரவுவிழி எழுதியது:

இருவரும் அழைப்பின் எண்ணிக்கையைப் பற்றி விவாதிக்கிறீர்கள், நேரத்தைப் பாருங்கள். பின்னிரவில் ஒளிரும் திரை கண்ணுக்கு எதிரே, மனத்துக்கு நெருக்கமானவர்களின் பேச்சு காதில், அவர்களுடைய நண்பகல் வெளிச்சம் காணொளியில். வெப்பத் தாழ்நிலைக்குப் பின் படும் ஒளி உங்கள் கடிகாரத்தை மறுபடியும் அந்நாட்டின் பக்கமே இழுக்கும். திரையின் வெளிச்சம் வெயிலைப் போல வலுவானதன்று, ஆனால் விழித்தவுடன் ஓர் உரையாடல் காத்திருக்கிறது என்பதை உடல் கற்றுக்கொண்டால், அந்த நேரத்தில் விழிப்பதே பழக்கமாகிவிடும். நாள்தோறும் கடிகாரத்தை நகர்த்திவிட்டு, இரவுதோறும் நீங்களே பழைய இடத்தில் வைக்கிறீர்கள்.

தினமும் பேசுங்கள், தடையில்லை. உங்கள் நண்பகலில் பேசுங்கள். அங்கே அப்போது இரவு எட்டு மணி. வீட்டார் உறங்கும் முன் அரை மணி நேரம் கிடைக்கும். வெளியே நடந்துகொண்டே பேசினால் பகல் வெளிச்சமும் கணக்கில் சேரும்.

மேசைவிளக்கு எழுதியது:

ஆய்வு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நெறியாளராக இருப்பவன் என்ற முறையில், படிப்பைத் தொடர்வதா என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீண்ட பயணத்திலிருந்து திரும்பியவர்கள் இக்கேள்வியோடு வருவது எனக்குப் புதிதன்று. 'இது களைப்புதான், போய்விடும்' என்று தட்டிக்கழிக்கும் நெறியாளர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. சிலருக்குப் பயணம்தான் தொலைவிலிருந்து பார்க்கும் இடைவெளியைத் தருகிறது. அங்கே தோன்றியது சரியான ஐயமாகவும் இருக்கக்கூடும். ஆகவே நான் மாணவர்களிடம் கேட்பது, இந்த ஐயம் பயணத்துக்கு முன்பே இருந்ததா என்பதுதான். பழைய குறிப்பேடுகளையும், நண்பர்களுக்கு எழுதிய மடல்களையும் எடுத்துப் பாருங்கள். முன்பே இருந்திருந்தால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் பேச வேண்டும். இறங்கிய பிறகே முளைத்திருந்தால், உறக்கம் சீராகி, ஏதேனும் ஒரு சிறு வேலை முழுதாக முடியும்வரை அதற்கு விடை சொல்வதைத் தள்ளிவையுங்கள்.

நெறியாளரைப் பார்க்கப் போகும்போது மன்னிப்புரையோடு போகாதீர்கள். களப்பணியில் என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை, அடுத்து எதைச் செய்ய எண்ணியிருக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எங்களுக்கும் உங்கள் ஆய்வு நீங்கள் விட்டுச் சென்ற இடத்தில் அப்படியே நினைவில் இருப்பதில்லை. அந்த ஒரு பக்கம் இருவருக்கும் உதவும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பதும், முன்பு விரும்பியவற்றில் நாட்டமே இல்லாமற்போவதும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைத் திரும்பிய சோர்வு என்ற கணக்கில் எழுதிவிடாமல் பல்கலைக்கழக மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் என்ன, ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கூர்நோக்கு எழுதியது:

மேசைவிளக்கு ஐயாவின் சோதனை நன்று, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஐயம் பயணத்துக்கு முன்பு எழுத்தில் இல்லை என்பதால் அது இல்லவே இல்லை என்றாகாது. படிப்பின் பரபரப்பில் தன்னையே கேட்டுக்கொள்ள நேரம் இல்லாதவர்கள் பலர்.

மேசைவிளக்கு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் 'தள்ளிவையுங்கள்' என்றேன், 'தள்ளிவிடுங்கள்' என்று சொல்லவில்லை.

புதுநிலா எழுதியது:

அழைப்புகளை நண்பகலுக்கு மாற்றிவிட்டேன். வீட்டில் முதலில் வருந்தினார்கள், இப்போது இரவு உணவுக்குப் பின் எனக்காகக் காத்திருக்கிறார்கள். விடிவதற்குச் சற்று முன்புவரை உறங்க முடிகிறது. பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, பயணத்துக்கு நெடுநாள் முன்பே இரண்டாம் அத்தியாயத்தின் ஆய்வுமுறையைப் பற்றி நான் மனக்குறையோடு எழுதியிருந்தது கண்ணில் பட்டது. படிப்பின் மீதே வெறுப்பு என்று நான் எண்ணியதில் எவ்வளவு பங்கு இந்த ஓர் அத்தியாயத்தினுடையது என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை. நெறியாளரிடம் ஒரு பக்கத்தோடு போகிறேன். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கேலிப்பேச்சின் தொடக்கத்தைப் புதியவர் ஒருவரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். சொன்னார், அவ்வளவு வேடிக்கையாக இல்லை. மற்றபடி அங்கே இன்னும் கொஞ்சம் வெளியாளாகத்தான் இருக்கிறேன்.

ஒரு ஐயம் மிச்சம். அடுத்த மாதம் இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்காகக் கிழக்கே ஐந்து மணி நேர வேறுபாடுள்ள இடத்துக்குப் போக வேண்டும். மறுபடியும் கடிகாரத்தை மாற்றி, மறுபடியும் திரும்ப வேண்டுமா?

இரவுவிழி எழுதியது:

வேண்டாம். இரண்டு நாளுக்குள் உடல் இரண்டு மணி நேரம்கூட ஒழுங்காக நகராது. நகரத் தொடங்கும்போது நீங்கள் திரும்பும் விமானத்தில் இருப்பீர்கள். இங்குள்ள நேரப்படியே உறங்கப் பாருங்கள், இரவு வெகுநேரம் கழித்துப் படுத்து, மாநாடு அனுமதிக்கும் அளவுக்குத் தாமதமாக எழுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: உங்கள் உரையைப் பிற்பகலில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே காலை ஒன்பது மணி உங்கள் உடலுக்கு விடியற்காலை நான்கு. அங்கே பிற்பகல் மூன்று என்றால் உங்களுக்குக் காலை பத்து.